தொட்டியிலா, தரையிலா? காய்கறி வளர்க்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு விளக்கம்

வீட்டில் காய்கறி போட ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது "எந்தச் செடி வைக்கலாம்?" என்றுதான். அதற்கும் முன்னால் முடிவு செய்ய வேண்டியது, வேர் எங்கே இருக்கப் போகிறது என்பது. தரையில் வெட்டிய பாத்தியிலா, மாடியில் வைத்த பையிலா? ஒரே நாற்றங்காலில் பிடுங்கிய இரண்டு தக்காளி நாற்றுகளில் ஒன்றைக் கொல்லையிலும் மற்றொன்றை மொட்டை மாடியிலும் நட்டுப் பாருங்கள். அன்றிலிருந்து இரண்டுக்கும் தண்ணீர் ஊற்றும் நேரம், உரம் வைக்கும் அளவு, வரக்கூடிய நோய் எல்லாமே வேறுவேறு. தரையில் மண் தானே பார்த்துக்கொள்ளும் வேலைகளைத் தொட்டியில் நாம் பார்க்க வேண்டும். இது பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

தரை மண் என்னென்ன செய்கிறது? மேல்மண் காய்ந்தாலும் அரை அடிக்குக் கீழே ஈரம் வைத்திருக்கும். வேர் அதைத் தேடி இறங்கும். நல்ல மண்ணில் தக்காளி, கத்தரி வேர்கள் 2 அடிக்கு மேலும் போகும். மழை கொட்டினால் உபரித் தண்ணீர் கீழேயும் பக்கவாட்டிலும் பரவிப் போய்விடும். மண்ணில் இருக்கும் களித்துகள்கள் சத்துகளைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும். மண்புழுவும் நுண்ணுயிரிகளும் உதிர்ந்த இலையை மக்க வைத்து உரமாக்கும். சித்திரை வெயிலில் மேற்பரப்பு காலைச் சுட்டாலும் ஒரு சாண் ஆழத்தில் மண் குளிர்ந்திருக்கும்.

தொட்டிக்குள் இவற்றில் எதுவும் தானாக நடக்காது. கடைகளில் அதிகம் விற்கும் 12 அங்குல விட்டம், 12 அங்குல உயரமுள்ள குரோ பேக்கில் சுமார் 22 லிட்டர் மண்கலவை பிடிக்கும். செடிக்குத் தேவையான தண்ணீர், சத்து, காற்று எல்லாம் அந்த 22 லிட்டருக்குள்தான் கிடைத்தாக வேண்டும். காய் பிடிக்கும் பருவத்தில் நன்கு வளர்ந்த தக்காளிச் செடி ஏப்ரல் வெயிலில் நாளொன்றுக்கு ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளும். தரையில் இருக்கும் செடி இரண்டு மூன்று நாள் தாங்கும். பையில் இருப்பது ஒருநாள் விட்டாலே மறுநாள் மதியம் தலை தொங்கிவிடும். அடிக்கடி ஊருக்குப் போகிறவர்கள், தண்ணீர் ஊற்ற அக்கம்பக்கத்தில் ஆள் இல்லாதவர்கள் இதை முதலிலேயே யோசித்துவிட வேண்டும்.

தொட்டியின் பலமும் இதே இடத்தில்தான் இருக்கிறது. மண்கலவை நம் கையில். ஒரு செடிக்கு வேரழுகல் வந்தால் அந்தப் பையை மட்டும் அப்புறப்படுத்திவிடலாம்; பக்கத்துப் பையிலுள்ள செடிக்கு அது எளிதில் போகாது. வெயில் அதிகமானால் நிழலுக்கு நகர்த்தலாம். கடலோரத்தில் உவர் மண் உள்ள வீட்டிலும், தரை முழுக்க சிமென்ட் போட்ட வீட்டிலும் கீரை பறிக்கலாம்.

தொட்டிக்குள் தண்ணீர் நிற்பது எப்படி

புதிதாகத் தொடங்குகிறவர்களின் செடிகள் பெரும்பாலும் தண்ணீர் போதாமல் சாவதில்லை, தண்ணீர் தேங்கித்தான் சாகின்றன. அடியில் ஓட்டை இருந்தும் ஏன் தேங்குகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

பாத்திரம் தேய்க்கிற புது ஸ்பாஞ்சு ஒன்றை எடுத்து நன்றாக நனைத்து, இரண்டு விரலால் கிடைமட்டமாகப் பிடியுங்கள். கொஞ்சநேரம் சொட்டி நின்றுவிடும். இப்போது அதையே நீளவாக்கில் செங்குத்தாகத் திருப்புங்கள். மறுபடியும் தண்ணீர் சொட்டும். ஸ்பாஞ்சு அதேதான், துளைகளும் அதேதான். உயரம் மட்டும்தான் கூடியது. நுண்ணிய துளைகளுள்ள எந்தப் பொருளும் தன் அடிப்பகுதியில் குறிப்பிட்ட உயரத்துக்குத் தண்ணீரை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். மண்கலவையும் அப்படித்தான். அடியில் எத்தனை ஓட்டை போட்டாலும் கீழே சில அங்குலம் சொதசொதவென்றே இருக்கும். அந்த ஈர அடுக்கின் உயரத்தை முடிவு செய்வது கலவையின் தன்மை. தொட்டியின் உயரம் அதை மாற்றாது. அதனால் 6 அங்குலத் தட்டில் பாதி உயரம் வரை ஈரமாக நிற்கும் அதே கலவை, 15 அங்குலத் தொட்டியில் அடியில் கொஞ்சம் மட்டுமே ஈரமாக நிற்கும். வேருக்குத் தண்ணீரோடு காற்றும் வேண்டும். ஆழமான தொட்டியில் மிளகாய் நன்றாக வருவதற்கும், அதே செடி ஆழமில்லாத தட்டில் மஞ்சளடித்து நிற்பதற்கும் காரணம் இதுதான்.

வடிகாலுக்காக அடியில் ஜல்லி போடச் சொல்வார்கள். எல்லோரும் சொல்வதுதான், ஆனால் அது உதவாது. மேலே உள்ள நுண்ணிய கலவை முழுக்க நனைந்து நிரம்பும்வரை தண்ணீர் ஜல்லிக்குள் இறங்காது. ஆக, ஈர அடுக்கு அப்படியே ஜல்லிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஜல்லி எடுத்துக்கொண்ட உயரமும் நஷ்டம். மண் வெளியே போகாமலிருக்க ஓட்டையின் மேல் ஓர் ஓட்டுச் சில்லு வைத்தால் போதும். வடிகால் வேண்டுமென்றால் கலவையைப் பொலபொலப்பாக்குங்கள், அல்லது உயரமான தொட்டி எடுங்கள்.

இதனால்தான் தரையில் வெட்டிய மண்ணை அப்படியே தொட்டியில் நிரப்பக்கூடாது. தரையில் அருமையாக விளைவித்த செம்மண்ணே தொட்டியில் நாலைந்து தடவை தண்ணீர் ஊற்றியதும் இறுகிக் கட்டியாகிவிடும். தரையில் மண்புழுவும் பழைய வேர்கள் விட்டுப்போன துளைகளும் காற்றுக்கு வழி வைத்திருந்தன. தொட்டியில் அது இல்லை. செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு (கோகோபீட்) ஒரு பங்கு, மண்புழு உரமோ நன்கு மக்கிய தொழுவுரமோ ஒரு பங்கு என்பது தமிழ்நாட்டு மாடித்தோட்டங்களில் பரவலாகப் பயன்படும் கலவை. நானும் அதையே சொல்வேன். கட்டியாக விற்கும் கோகோபீட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டி, இன்னும் ஒன்றிரண்டு முறை அலசிவிடுங்கள். அதில் உப்பு இருக்கும். மட்டை உரிக்கும் இடங்களில் குவிந்து கிடக்கும் மக்காத நார்க்கழிவை அள்ளிவந்து அப்படியே போட வேண்டாம். அது மக்குவதற்குத் தேவையான தழைச்சத்தைக் கலவையிலிருந்தே எடுத்துக்கொள்ளும், செடி வெளிறிப் போகும்.

தண்ணீர் ஊற்றுவதற்கு நேரக்கணக்கு வைப்பதைவிட விரலை நம்புங்கள். இரண்டு கணு ஆழத்துக்கு விரலை விட்டால் ஈரம் ஒட்ட வேண்டும். ஒட்டவில்லையென்றால் அடி ஓட்டையில் சொட்டும்வரை ஊற்றுங்கள். ஈரம் இருந்தால் விட்டுவிடலாம். கோகோபீட் கலந்த பை ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் சுருங்கிப் பக்கத்தில் இடைவெளி விடும். ஊற்றுகிற தண்ணீர் அந்த இடுக்கு வழியே நேராக வெளியே ஓடிவிடும். சொட்டுகிறதே என்று நினைப்போம், உள்ளே காய்ந்தேதான் இருக்கும். அப்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பத்து நிமிட இடைவெளியில் மூன்று நான்கு தடவை ஊற்றி நனைக்க வேண்டும்.

தொட்டித் தக்காளியில் காயின் அடிப்பக்கம் கறுத்து, தோல்போலக் காய்ந்து குழிவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். பூச்சி மருந்து அடித்தும் நிற்காது, ஏனென்றால் அது பூச்சியும் இல்லை, கிருமியும் இல்லை. காய்க்குப் போய்ச்சேர வேண்டிய சுண்ணாம்புச் சத்து போய்ச்சேரவில்லை. அந்தச் சத்து தண்ணீரோடுதான் செடிக்குள் நகரும். ஒருநாள் காயவிட்டு மறுநாள் குளிக்கவைத்தால் அந்த ஓட்டம் தடைப்படும். முட்டை ஓட்டைத் தூளாக்கிப் போடுவதற்கு முன் தண்ணீரை ஒழுங்குபடுத்துங்கள், அடுத்து வரும் காய்கள் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஒவ்வொரு முறை அடியில் சொட்டும் தண்ணீரும் கொஞ்சம் சத்தைக் கரைத்துக்கொண்டுதான் போகிறது. ஆகவே தொட்டிக்கு உரம் கொஞ்சமாக, ஆனால் அடிக்கடி. 15 நாளுக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம்; நடுவில் லிட்டருக்கு 30 மில்லி வீதம் கலந்த பஞ்சகவ்யம், அல்லது புளிக்கவைத்து நன்றாக நீர்த்த கடலைப் புண்ணாக்குக் கரைசல். தரைப் பாத்திக்கு நடுவதற்கு முன் தொழுவுரத்தைத் தாராளமாகக் கொத்திவிட்டு, பூக்கும் சமயம் மேலுரம் ஒருமுறை கொடுத்தாலே பெரும்பாலும் ஓடிவிடும்.

மாடியில் வைக்கும் முன்

எடை விஷயத்தில் அசட்டையாக இருக்கக்கூடாது. ஆட்கள் போய்வரும் தட்டையான கூரைக்கு, இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 875 விதித்தொகுப்பு சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன் சுமையைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. ஏறத்தாழ 150 கிலோ. மாடியில் செங்கல் கட்டி ஓர் அடி உயரத்துக்கு மண் கொட்டிப் பாத்தி அமைத்தால், நனைந்த மண் மட்டுமே சதுர மீட்டருக்கு 500 கிலோவைத் தாண்டும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். கட்டும்போதே அதற்கென்று வடிவமைத்த கூரையாக இல்லாவிட்டால், பொறியாளரைக் கேட்காமல் மாடியில் மண் பாத்தி போடவே கூடாது. மேலே சொன்ன மூன்று பங்குக் கலவை நிரப்பிய 12 அங்குலப் பை நனைந்த நிலையில் சுமார் 25 கிலோ வரும். சதுர மீட்டருக்கு நான்கு பை என்றால் 100 கிலோ. அதையும் நட்ட நடுவில் குவிக்காமல், கீழே சுவரோ உத்திரமோ இருக்கும் வரிசையில் வையுங்கள். வயதான கட்டடமென்றால் இன்னும் குறையுங்கள்.

பைகளைத் தளத்தின்மேல் நேரடியாக வைக்காமல் செங்கல் அல்லது இரும்புச் சட்டத்தின் மேல் வைத்தால் ஓட்டை அடைபடாது, தளம் காயும், நீர்க்கசிவு வராது. சூடேறிய சிமென்ட்டின் வெப்பமும் வேரைத் தாக்காது. வெப்பம்தான் மாடியின் பெரிய எதிரி. கறுப்புப் பையின் வெயில் படும் பக்கத்தை மே மாத மதியத்தில் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாது. அந்தப் பக்க வேர்நுனிகள் வெந்துபோகும். வெளியே வெள்ளை, உள்ளே கறுப்பு உள்ள பை நல்லது. ஏப்ரல், மே மாதங்களில் நிழல்வலை கட்டுங்கள். பைகளை நெருக்கி வைத்தால் ஒன்று மற்றதற்கு நிழல் தரும்.

அப்புறம் காற்று. ஆடிக்காற்று தரையில் இருக்கும் பந்தலை ஒன்றும் செய்யாது. மாடிப் பந்தலைப் புரட்டிவிடும். கைப்பிடிச் சுவரோடு சேர்த்துக் கட்டுங்கள்.

தரைப் பாத்தியிலும் வேலை இருக்கிறது

தரை கிடைத்தால் எல்லாம் சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம். நகரத்து வீட்டைச் சுற்றியுள்ள மண் பெரும்பாலும் மண்ணே இல்லை. கட்டட வேலையின்போது கொட்டிய சிமென்ட், சுண்ணாம்பு, செங்கல் துண்டு. சுண்ணாம்பு மிகுந்த இடத்தில் செடி இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் திணறும்: புதுத் தளிர் மஞ்சளாக இருக்கும், நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் ஓர் அடியாவது வெட்டியெடுத்து இடிபாட்டைக் களைந்துவிட்டு, நல்ல செம்மண்ணும் தொழுவுரமும் போட்டு நிரப்ப வேண்டும். முதல் வருடம் விளைச்சல் சுமாராகத்தான் இருக்கும். மூடாக்கும் (மண்ணின்மேல் பரப்பும் காய்ந்த இலை, வைக்கோல்) மக்கிய உரமும் போடப்போட வருடாவருடம் மண் தேறும். தொட்டிக்கு நேர் எதிரானது இது. தொட்டிக்கலவை முதல் போகத்தில் நன்றாக விளைந்து, பிறகு கீழே இறங்கும். தரை மெதுவாக ஏறும். இந்த ஒரு காரணத்துக்காகவே, கொஞ்சமாவது தரை உள்ளவர்கள் அதை விட்டுவிடக்கூடாது என்று நினைக்கிறேன்.

பாத்தி 3 முதல் 4 அடி அகலம் போதும். இரண்டு பக்கமும் நின்று கை எட்ட வேண்டும். பாத்திக்குள் கால் வைத்தால் மண் இறுகும். களிமண்ணும் மழையும் அதிகமுள்ள இடத்தில் தரைமட்டத்தைவிட அரை அடி உயர்த்தி மேட்டுப்பாத்தி போடுங்கள். சென்னை, கடலூர் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டப்பாத்தியில் நிற்கும் மிளகாயும் தக்காளியும் இரண்டு நாள் தண்ணீரில் நின்றாலே வாடிச் சாகும். மழை குறைந்த, மணற்பாங்கான இடத்தில் அதற்கு எதிராக, தரையைவிடத் தாழ்த்திப் பள்ளப்பாத்தி அமைத்தால் விழும் சொட்டெல்லாம் வேருக்குப் போகும். எதுவானாலும் காய்ந்த இலை, வைக்கோல், கரும்புச் சோகை எது கிடைக்கிறதோ அதை மூன்று விரற்கடைக் கனத்துக்கு மூடாக்காகப் போடுங்கள். தொட்டிக்கும் இது பொருந்தும்.

தரைக்கென்று சில தொல்லைகள் உண்டு. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தக்காளி, கத்தரி, வெண்டை போட்டால் வேர்முடிச்சு நூற்புழு பெருகும். செடி காரணமில்லாமல் குன்றி நின்றால் பிடுங்கி வேரைப் பாருங்கள். வேரே வீங்கி மணிமணியாக முடிச்சு விழுந்திருந்தால் நூற்புழு. அவரை, தட்டைப்பயறு வேரில் இருக்கும் முடிச்சைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் நல்ல பாக்டீரியா. நகத்தால் சுரண்டினால் தனியாகக் கழன்று வரும். நூற்புழு முடிச்சு வேரின் பகுதியாகவே இருக்கும், கழலாது. நூற்புழு வந்த இடத்தில் அடுத்து செண்டுமல்லி நெருக்கமாகப் போடுவது பலன் தரும். தொட்டியிலென்றால் அந்தக் கலவையையே மாற்றிவிடலாம்.

எந்தச் செடி எங்கே

கீரை தொட்டிக்கென்றே பிறந்தது. 6 முதல் 8 அங்குல ஆழம் போதும். சிறுகீரை 25 நாளில் வேரோடு பிடுங்கத் தயார். அரைக்கீரை, பாலக்கை வெட்டவெட்டத் தழையும். தினமும் மூன்று நான்கு மணி நேர வெயில் கிடைத்தாலும் சமாளிக்கும். முதல்முறை தொடங்குகிறவர்கள் இதிலிருந்து ஆரம்பித்தால் ஒரு மாதத்தில் சட்டியில் ஏறும். புதினாவைத் தரை இருந்தாலும் தொட்டியில் வையுங்கள். பாத்தியில் விட்டால் ஓடி ஓடி மற்றச் செடிகளின் இடத்தையும் பிடித்துவிடும்.

தக்காளி, மிளகாய், கத்தரி, வெண்டைக்கு 12 அங்குல ஆழமும், குறைந்தது 5, 6 மணி நேர வெயிலும் வேண்டும். 12 அங்குலப் பைக்கு ஒரு செடிதான். இரண்டு வைத்தால் இரண்டும் பாதிதான் காய்க்கும். இவை தரையிலும் தொட்டியிலும் ஏறத்தாழ ஒரேபோல வரும். வெண்டை மட்டும் தரையில் கூடுதலாகக் காய்க்கும்.

கொடிகள் வேறு கதை. பூசணிக்கும் பரங்கிக்கும் தரைதான். பாகல், புடலை, பீர்க்கனை 15 முதல் 18 அங்குல ஆழமுள்ள பெரிய பையில் மாடிப் பந்தலில் ஏற்றலாம். மாடியில் பிஞ்சு மஞ்சளாகி உதிர்கிறதென்றால் உரக்குறைவு என்று முடிவு கட்டாதீர்கள். இவற்றில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. உயரமான மாடிக்குத் தேனீ வராவிட்டால் மகரந்தம் சேராது. பெண் பூவின் அடியில் குட்டிக் காய் ஒட்டியிருக்கும். ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவே மெல்லத் தடவுங்கள். பாகலுக்குக் காலையில் செய்யலாம். பீர்க்கும் சுரையும் சாயங்காலத்தில்தான் பூக்கும், அப்போது செய்ய வேண்டும்.

பழங்களில் வாழையும் பப்பாளியும் தரைக்கு. முருங்கையும் அப்படியே, பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 செடிமுருங்கை விதைத்த ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும் என்றாலும், அதன் வேருக்குப் பை போதாது. எலுமிச்சை, கொய்யா, மாதுளை, அத்தி, சப்போட்டா ஆகியவற்றை 100 லிட்டர் பிடிக்கும் பாதி டிரம்மில் வளர்க்கலாம். அத்திக்கு வேர் நெருக்கடி பிடிக்கவே செய்கிறது. மாவிலும் நீலமும் தசேரியும் சேர்ந்து பிறந்த ஆம்ரபாலி போன்ற குட்டை ரகம் உண்டு. தொட்டிக்கு விதைக்கன்று வாங்காதீர்கள். ஒட்டுக்கன்றோ பதியனோ வாங்குங்கள், இரண்டு மூன்று வருடத்தில் காய்க்கும். டிரம்மில் உள்ள மரத்தின் வேர் சுவரில் முட்டிச் சுற்றிச்சுற்றி வளரும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மழைக்காலத்தில் வெளியே எடுத்து, ஓரத்து வேரை இரண்டு அங்குலம் சீவிவிட்டு, அதே அளவுக்குக் கிளையையும் கழித்து, புதுக்கலவை போட்டு வைக்க வேண்டும். இதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவரால் ஆகாது.

தொடங்குவதற்கு ஆடிப்பட்டமும் தைப்பட்டமும் இரண்டுக்கும் ஏற்றவை. தமிழ்நாடு அரசின் தோட்டக்கலைத் துறை, பை, நார்க்கழிவு, விதை, உயிர் உரம் எல்லாம் சேர்ந்த மாடித்தோட்டத் தளையை (தொகுப்பை) மானிய விலையில் கொடுப்பதுண்டு. பக்கத்துத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். முதல் பட்டத்தில் ஐந்தாறு பைக்கு மேல் வேண்டாம். கீரை இரண்டு, மிளகாய் இரண்டு, தக்காளி ஒன்று, புதினா ஒன்று. தரையும் இருந்தால் அதே சமயம் ஒரு முருங்கையும் ஒரு கறிவேப்பிலையும் நட்டுவிடுங்கள். அவை நிற்க நேரம் ஆகும், அதனால் முதலிலேயே வைப்பது லாபம்.

தரையும் மாடியும் உள்ள வீட்டில் இரண்டையும் சேர்த்தே நடத்தலாம். நாற்றுகளை மாடியில் தட்டில் வளர்த்து, நாலைந்து இலை விட்டதும் பாத்தியில் இறக்கலாம். நத்தை, எலி, கோழி சீண்டும் வயதைத் தாண்டிவிடும். இரண்டு மூன்று போகம் விளைந்து சோர்ந்துபோன பைக்கலவையைத் தூக்கி எறிய வேண்டாம். அதில் வளர்ந்த செடி நோயில்லாமல் இருந்திருந்தால் பாத்தியில் கொட்டிக் கொத்திவிடுங்கள். களிமண்ணுக்கு அது பொலபொலப்பையும் மணலுக்கு ஈரத்தையும் கொடுக்கும்.